எல்லைக்கு அந்தப் பக்கம் வந்த பாடம்

மைசூரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், கபினி ஆற்றங்கரையில் இருக்கிறது நஞ்சன்கூடு. ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில், ரசபாளே வாழைப்பழம், பல்பொடி ஆகியவற்றால் பேர் பெற்ற ஊர். இந்தியக் கல்வித் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதியவர்கள் இந்த ஊரைத் தேடி வந்ததில்லை. ஆனால் அந்த வரலாறு விட்டுச்சென்ற மிகக் கடினமான கேள்வியை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

காரணம் ஒரு மாவட்ட எல்லை. 1997இல் மைசூர் மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டுச் சாமராஜநகர் மாவட்டம் உருவானது. நஞ்சன்கூடு தாலூகா மைசூரோடு நின்றது. அதை ஒட்டிய சாமராஜநகரும் குண்டுலுபேட்டையும் புது மாவட்டத்துக்குப் போயின. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது. தொடக்கப் பள்ளிகளுக்கான அதன் முன்னோடித் திட்டத்துக்குத் தேர்வானது சாமராஜநகர் மாவட்டம். அங்கே 800க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு டிவியும் டிஷ் ஆண்டெனாவும் போயின. எல்லைக்கு இந்தப் பக்கம், நஞ்சன்கூட்டுக் கிராமப் பள்ளிகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன. இரு பக்கமும் பேச்சு ஒன்று, பாடநூல் ஒன்று, சந்தைகளும் கல்யாண உறவுகளும் ஒன்று. வேறுபட்டது வகுப்பறையின் திரை மட்டுமே.

அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்த இளைஞர்கள். சின்ன வயதில் பார்த்த கல்வி நிகழ்ச்சிகளை நினைத்து ஏங்குவது உலகெங்கும் ஒரு வழக்கமாகிவிட்ட காலம் இது. பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளின் தலைப்பிசையைக் கேட்டதும் கண் கலங்குபவர்கள் உண்டு. ஆகவே கேள்வி இரண்டாகப் பிரிகிறது. குழந்தைகளுக்கென்று எடுக்கப்பட்ட கல்வி நிகழ்ச்சிகள் உண்மையில் எதையாவது கற்றுத்தந்தனவா? அவற்றுக்காக ஏங்குகிறவர்கள் எதற்காக ஏங்குகிறார்கள்? முதல் கேள்விக்கு அறுபது ஆண்டுகளாகப் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. இரண்டாவது கேள்வியை முதலாவதோடு போட்டுக் குழப்பியதில்தான் பல விவாதங்கள் தடம் மாறியிருக்கின்றன.

ஆசிரியர் போதாத இடத்தில் திரை

முதல் விடை நம்பிக்கையின் விடை. ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் போதாத நாட்டில், நல்ல ஆசிரியர் ஒருவரின் பாடத்தை ஆயிரம் வகுப்புகளுக்குக் கொண்டுபோகலாம் என்பது அதன் சாரம். 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1961 அக்டோபரில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு பள்ளித் தொலைக்காட்சி வந்துவிட்டது. சினிமாப் பாட்டும் சீரியலும் வருவதற்கு முன்பே இந்தியத் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. மைசூரைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கைக்கு இன்னும் பழைய வேர் உண்டு. 1935இல் அங்கே ‘ஆகாசவாணி’ என்ற பெயரில் வானொலி நிலையத்தைத் தன் வீட்டிலேயே தொடங்கிய எம்.வி. கோபாலசாமி, மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியர். ஒலிபரப்புக் கருவியும் கற்பித்தலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து யோசிக்கப்பட்ட ஊர் அது.

நம்பிக்கையின் உச்சம் 1975. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு வாங்கி, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை இந்தியா நடத்திய ‘சைட்’ சோதனை, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்றது. ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகியவை அந்த ஆறு. கோழிக்கூண்டு அடிக்கும் கம்பிவலையால் செய்த மூன்று மீட்டர் டிஷ் ஆண்டெனா, ஊருக்கு ஒரு பெட்டி, அதைச் சுற்றி ஊர்ச்சனம். காலையில் ஒன்றரை மணி நேரம் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு. அந்த நேரம் நான்கு மொழிகளுக்குப் பங்கிடப்பட்டதால் ஒரு மொழிக்குக் கிடைத்தது சுமார் 22 நிமிடம். இந்தி, ஒடியா, தெலுங்கோடு கன்னடமும் அந்த நான்கில் ஒன்று. தமிழுக்கு இடமில்லை, சோதனை நடந்த மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

கர்நாடகத்தில் தேர்வானவை குல்பர்கா, பிஜாப்பூர், ராய்ச்சூர் என்ற வறண்ட வட மாவட்டங்கள். பின்தங்கிய பகுதிகளுக்கே முதலில் என்பது திட்டத்தின் கொள்கை. அது பாராட்டத்தக்க கொள்கை என்பதை இன்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைநகர் பெங்களூருக்குத் தூர்தர்ஷன் நிலையம் வந்தது 1981இல்தான். அதற்கு முன்பே, சைட்டின் தொடர்ச்சியாக, 1977இல் குல்பர்காவுக்கு டிரான்ஸ்மிட்டர் வந்துவிட்டது. மைசூர் வட்டாரம் அந்தக் காலம் முழுவதும் திரையில்லாமல் இருந்தது. இந்தியாவில் ஒரு புதுக்கருவி நகரத்தைத் தாண்டிக் கிராமத்தை முதலில் தொட்ட அபூர்வமான தருணம் அது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அதன் உள்ளேயே இருந்தது. ஆசிரியருக்குப் பதிலாகத் திரை என்று ஆரம்பித்த யோசனை, ஆசிரியர் இல்லாமல் நடக்கவில்லை. பெட்டியைப் போடவும், பிள்ளைகளை உட்காரவைக்கவும், முடிந்ததும் பேசவும் ஆள் வேண்டும். சைட்டை நடத்தியவர்களுக்கே இது தெரிந்திருந்தது; அதனால்தான் அதே செயற்கைக்கோள் வழியாகப் பல்லாயிரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள்.

அளந்து பார்த்தவர்கள்

சைட்டின் சிறப்பு, அது தன்னையே அளந்துகொண்டது என்பது. சில கிராமங்களில் மானுடவியல் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் தங்கிப் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் மீதான விளைவைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் ஸ்நேகலதா சுக்லாவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இரு தரப்பையும் முழுமையாகத் திருப்திப்படுத்தாத முடிவு. பள்ளிச் சேர்க்கையிலும் வருகையிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பாடத் தேர்ச்சியிலும் தெளிவான உயர்வில்லை. மொழி வளர்ச்சியிலும், பாடநூலுக்கு வெளியே போய்த் தெரிந்துகொள்ளும் ஆர்வத்திலும் முன்னேற்றம் தென்பட்டது.

ஓராண்டுச் சோதனைக்கு இது சின்ன விளைவா, பெரிய விளைவா? பிள்ளை பள்ளிக்கு வராமல் போவதற்குக் காரணம் அறுவடையும் ஆடுமாடும் தம்பி தங்கையும் என்றால், 22 நிமிடப் படம் அதை மாற்றியிருக்க முடியாது. அதைவிட முக்கியமாக, ஆர்வம் என்பது ஓராண்டில் மதிப்பெண்ணாக மாறும் சரக்கு அல்ல. பத்து ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளை மீண்டும் தேடிப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விடை, சோதனை முடிந்த கையோடு கிடைத்திருக்க முடியாது.

அமெரிக்காவில் இத்தகைய நீண்டகாலக் கணக்கு ஒன்று பின்னர் போடப்பட்டது. 1969 நவம்பரில் தொடங்கிய ‘செசமே ஸ்ட்ரீட்’ நாடு முழுக்க ஒரே தெளிவில் தெரியவில்லை. ஒளிபரப்பு அலைவரிசையைப் பொறுத்துச் சில ஊர்களில் நன்றாகவும் சில ஊர்களில் அரைகுறையாகவும் தெரிந்தது. பொருளியல் ஆய்வாளர்கள் மெலிசா கேர்னியும் பிலிப் லெவினும் இந்தத் தற்செயலான வேறுபாட்டையே ஆய்வுக்கருவியாக்கினார்கள். நன்றாகத் தெரிந்த ஊர்களில், பள்ளிக்குப் போகும் முன்பே அந்த நிகழ்ச்சி கிடைத்த தலைமுறை, வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் படித்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஆண் பிள்ளைகளிடமும் கறுப்பினக் குழந்தைகளிடமும் ஏழைப் பகுதிகளிலும் விளைவு கூடுதலாக இருந்தது. வளர்ந்த பிறகு பெற்ற படிப்பு, சம்பாத்தியம் என்று வரும்போது விடை அவ்வளவு தெளிவாக இல்லை.

எதிர்த்தரப்பு வலுவானது. 1983இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வியியலாளர், எந்த ஊடகமும் தன்னளவில் கற்பிப்பதில்லை என்று வாதிட்டார். மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரியால் சாப்பிடுகிறவர் உடம்பில் சத்து கூடுவதில்லை என்பதுபோலவே ஊடகமும் என்பது அவர் சொன்ன உவமை. பலன் பாடத்தின் வடிவமைப்பில் இருக்கிறது. ராபர்ட் கோஸ்மா இதை மறுத்தார். அசையும் படம், ஒலி, மெதுவாகவும் வேகமாகவும் காட்டும் வசதி ஆகியவற்றால் சில விஷயங்களைக் கற்கும் முறையே மாறுகிறது என்றார். வேறொரு திசையில் கவ்ரியல் சாலமன், பிள்ளைகள் டிவியை எளிது என்றும் புத்தகத்தைக் கடினம் என்றும் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வதால் டிவி பார்க்கையில் குறைந்த உழைப்பையே போடுகிறார்கள் என்று 1984இல் எழுதினார். நீல் போஸ்ட்மன் 1985இல் இன்னும் கடுமையாக, கல்வி நிகழ்ச்சிகள் பள்ளியை நேசிக்கக் கற்றுத்தருவதற்குப் பதிலாகத் தொலைக்காட்சியைப் போன்ற பள்ளியை மட்டும் நேசிக்கப் பழக்குகின்றன என்று குற்றம்சாட்டினார்.

போஸ்ட்மனின் வாதம் நகரத்து அமெரிக்காவுக்குச் சரியாக இருக்கலாம். ஒற்றை ஆசிரியர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்திருந்த 1975இன் ராய்ச்சூர்க் கிராமத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அங்கே டிவி நல்ல பள்ளியோடு போட்டியிடவில்லை. பல நாள் வெறுமையோடுதான் போட்டியிட்டது. மேற்கத்திய விமர்சனத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தவர்கள் இந்த வித்தியாசத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

செலவை முன்வைத்த மூன்றாவது தரப்பும் உண்டு. வில்பர் ஷ்ராம் 1970களில், பெரிய ஊடகங்களைவிட வானொலி போன்ற சிறிய ஊடகங்கள் ஏழை நாடுகளுக்குப் பொருத்தமாக இருக்கலாம் என்று காட்டினார். 2000களில் கர்நாடகத் தொடக்கப் பள்ளிகளுக்கு ‘சின்னர சுக்கி’ என்ற வானொலிப் பாடங்கள் வந்தன. பாட்டும் கேள்வியுமாக, பிள்ளைகள் எழுந்து ஆடிப் பதில் சொல்லும்படி அமைந்தவை அவை. செயற்கைக்கோளுக்கு ஆகும் செலவில் ஒரு துளிகூட ஆகாத ஏற்பாடு. ஆனால் ஏக்கத்தின் பட்டியல்களில் வானொலிப் பாடங்களைத் தேடினால் கிடைப்பதில்லை. ஒரு நிகழ்ச்சி பயன்பட்டதா என்பதும் நினைவில் நின்றதா என்பதும் ஒரே கோட்டில் போவதில்லை என்பதற்கு இது முதல் அறிகுறி.

ஏக்கத்தை விளக்குபவர்கள்

ஏக்கத்தைப் பற்றிய சிந்தனை தொலைக்காட்சியைவிட மிகப் பழையது. 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைவிட்டுப் போன சுவிஸ் நாட்டினருக்கு வரும் நோயாக அதை வகைப்படுத்தினார். மூன்று நூற்றாண்டு கழித்து, 1979இல் சமூகவியலாளர் ஃபிரெட் டேவிஸ் அதை நோயாகப் பார்க்காமல், வாழ்க்கை திடீரென மாறும்போது தன்னைத் தொடர்ச்சியாக உணர மனிதர்கள் கையாளும் வழியாகப் பார்த்தார். ஸ்வெத்லானா பாய்ம் 2001இல் அதை இரண்டாகப் பிரித்தார்: இழந்ததை அப்படியே மீட்டுக் கட்ட விரும்பும் ஏக்கம், இழந்தது திரும்பாது என்று தெரிந்தே அதைச் சிந்தனைக்கு எடுத்துக்கொள்ளும் ஏக்கம். நினைவாற்றல் ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சேர்க்கிறார்கள். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள் பின்னாளில் விகிதத்துக்கு மீறி அதிகமாக மேலே வருகின்றன. அந்த வயதில் என்ன பார்த்தோமோ அது தரமானதோ இல்லையோ ஒட்டிக்கொள்ளும்.

தூர்தர்ஷன் காலத்து நிகழ்ச்சிகளுக்கான ஏக்கத்தை இங்கே பொதுவாக மூன்று விதமாக விளக்குகிறார்கள். ஒன்று, தட்டுப்பாடு. ஒரே சேனல் இருந்ததால் மறுநாள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நிகழ்ச்சியைப் பேசினார்கள். ஏங்குவது அந்தப் பொதுவான பேச்சுக்கு. இரண்டாவது, விமர்சனம். விளம்பரமும் பொம்மை வியாபாரமும் சூழ்ந்த இன்றைய குழந்தைச் சேனல்களைப் பார்த்துச் சலித்தவர்கள், பொதுப்பணத்தில் பிள்ளைகளுக்காகப் படமெடுத்த காலத்தை முன்னிறுத்துகிறார்கள். மூன்றாவது விளக்கம் மிகவும் எளியது: அவர்கள் ஏங்குவது தங்கள் குழந்தைப் பருவத்துக்கு, நிகழ்ச்சி வெறும் சாக்கு.

இரண்டாவது விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு தடை உண்டு. சன் குழுமம் 2007இல் தமிழில் தொடங்கிய சுட்டி டிவியையும், 2009இல் கன்னடத்தில் தொடங்கிய சிண்டு டிவியையும் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். ‘டோராவின் பயணங்கள்’ பேசிய தமிழையும் ஜாக்கி சான் கார்ட்டூனையும் அவர்கள் நினைவுகூர்வதில் இருக்கும் பிரியம், தூர்தர்ஷன் தலைமுறையின் பிரியத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. வணிகச் சேனலின் டப்பிங் கார்ட்டூனுக்கும் அதே ஏக்கம் பிறக்கிறது என்றால், ஏக்கத்தை நிகழ்ச்சியின் கல்வித் தரத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது. பழைய பொதுத்துறைக் கல்வி நிகழ்ச்சிகள் மேலானவை என்று வாதிட விரும்புகிறவர்கள் அதை வேறு ஆதாரத்தால்தான் நிறுவ வேண்டும்.

யாருடைய நினைவு?

இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இது. நினைவில் நின்றவற்றையும் மறைந்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது.

விஜயா முளே 1974இல் திரைப்படப் பிரிவுக்காக இயக்கிய ‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’ என்ற குறும்படம், ஒற்றுமையைக் குழந்தைகளுக்குச் சொல்லும் கார்ட்டூன். தூர்தர்ஷன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டது. இந்தி புரியாத தென்னகத்துப் பிள்ளைகளுக்குக்கூட அதன் மெட்டு மனப்பாடம். அதே விஜயா முளே, கல்வித் தொழில்நுட்ப மையத்தின் தலைவராக, யுனிசெஃப் உதவியோடு சைட் கிராமப் பிள்ளைகளுக்கான கல்விப் படங்களை உருவாக்கும் பணியையும் முன்னின்று நடத்தினார். ஒருவரே செய்த இரு வேலைகளில் ஒன்றை நாடே பாடுகிறது. மற்றது கல்வியியல் நூல்களின் அத்தியாயமாக மட்டும் இருக்கிறது.

தரம் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதலாவது, வீட்டில் டிவி வைத்திருந்த குடும்பங்களைப் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் அடைந்தது. இரண்டாவது, பள்ளியில், ஒரே ஆண்டு, ஒரே ஒரு முறை, எழுதிப் பதிவுசெய்யும் வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காட்டப்பட்டது. 1976 ஜூலையோடு செயற்கைக்கோள் திரும்பிப் போனது. அதோடு அந்தப் பிள்ளைகளின் காலை நேரமும் முடிந்தது. இன்று அவர்களுக்கு வயது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும். அவர்களிடம் ஏக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுடைய ஏக்கத்தை நாம் கேட்கவில்லை என்பதே சரியான வாக்கியம்.

மைசூர் வட்டாரத்துக்குப் படம் தெரியத் தொடங்கியது 1980களில், நாடெங்கும் சிறு டிரான்ஸ்மிட்டர்கள் நிறுவப்பட்ட பிறகு. அப்போது கிடைத்தது பெரும்பாலும் டெல்லியின் தேசிய ஒளிபரப்பு. 1984 ஆகஸ்ட் 15இல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய ‘நாடு தழுவிய வகுப்பறை’ கல்லூரி மாணவர்களுக்கானது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். மதியம் வீட்டிலிருந்த சின்னப் பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் சென்னைத் தூர்தர்ஷனின் ‘கண்மணிப் பூங்கா’ போன்ற சொந்த மொழி நிகழ்ச்சிகள் இருந்தன. இங்கும் அந்த நினைவை இன்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே வீட்டில் பெட்டியோ, பெட்டி வைத்திருந்த அண்டை வீடோ வாய்த்த பிள்ளைகள்தாம்.

மைசூர்க்காரர்களிடம் அந்தக் காலத்துக் குழந்தை நிகழ்ச்சி எது என்று கேட்டால் முதலில் வரக்கூடிய பெயர் ‘மால்குடி டேஸ்’. ஆர்.கே. நாராயணின் கதைகளை சங்கர் நாக் 1986இல் ஆகும்பேயில் படமாக்கினார். கல்வி நிகழ்ச்சி என்று யாரும் அதற்கு முத்திரை குத்தவில்லை. ஆனால் ஒரு சிறுவனின் பயத்தையும் பொய்யையும் நட்பையும் அது காட்டிய விதத்தில் எத்தனையோ பாடத்தைவிட அதிகம் இருந்தது. அந்தத் தொடரில் வந்த அரசாளு ரயில் நிலையத்தில் இன்று மால்குடி அருங்காட்சியகம் இருக்கிறது. கல்வி என்ற அடையாளத்தோடு எடுக்கப்பட்டவை மறைந்தன, அந்த அடையாளம் இல்லாதது நின்றது என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். அதற்கு மாற்றுச் சான்றும் இருக்கிறது. தூர்தர்ஷனின் கன்னடச் சேனலான சந்தனாவில் நா. சோமேஸ்வர 2002 முதல் நடத்திவரும் ‘தட் அந்த ஹேளி’ வினாடி வினா, புத்தகத்தையே பரிசாகக் கொடுத்து ஆயிரக்கணக்கான எபிசோட்களைத் தாண்டிவிட்டது. தினந்தோறும் தெரிந்த நேரத்தில், தெரிந்த மொழியில், வீட்டுக்குள் வந்தது என்பது அதன் பலம். மற்ற நிகழ்ச்சிகளை மக்கள் மறந்தது அவை கல்வி என்பதால் அல்ல. தொடர்ச்சி இல்லாததால் மறந்தார்கள் என்று சொல்ல இது இடம் தருகிறது.

நாடாக்களின் கதி

நினைவு சாய்வானது என்றால், அதைச் சரிபார்க்க மூலப்பிரதி வேண்டும். இங்கேதான் வருத்தம் மிகுதி. ஆரம்பகால நிகழ்ச்சிகள் பல நேரடியாக ஒளிபரப்பாயின. பதிவானவற்றிலும், நாடா விலை உயர்ந்த பொருளாக இருந்ததால் பழையதை அழித்துப் புதியதைப் பதிவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. பிபிசியே இப்படி இழந்தவற்றை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது. நாடகமும் சங்கீதக் கச்சேரியும் என்றால் பின்னால் யாராவது கேட்பார்கள் என்று வைத்திருப்பார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் காற்றழுத்தத்தை விளக்கிய இருபது நிமிடத்தை எதிர்காலம் கேட்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

2020ஆம் ஆண்டு இதை வெளிச்சம்போட்டுக் காட்டியது. ஊரடங்கில் மார்ச் மாதம் ‘ராமாயண்’ மறுஒளிபரப்பாயிற்று. ஏப்ரலில் பழைய நிகழ்ச்சிகளுக்கென்றே டிடி ரெட்ரோ சேனல் வந்தது. அதே மாதங்களில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஜூலையில் சந்தனா சேனலில் எட்டு முதல் பத்தாம் வகுப்புவரை பாடங்கள் ஒளிபரப்பாயின. தமிழ்நாட்டில் அதற்குமுன் 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. பழைய புராணத் தொடர்கள் உடனே எடுத்துப் போடத் தயாராக இருந்தன. 1975 முதல் இந்த நாடு பொதுப்பணத்தில் எடுத்த குழந்தைக் கல்விப் படங்கள் அப்படித் தயாராக இல்லை. ஆசிரியர்கள் கேமரா முன் நின்று புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. பாடத்திட்டம் மாறியது ஒரு காரணம். ஆனால் நிழல் எப்படி விழுகிறது, விதை எப்படி முளைக்கிறது என்பவை பாடத்திட்டத்தோடு மாறுவதில்லை. அமெரிக்காவில் ‘செசமே ஸ்ட்ரீட்’ தயாரிப்பாளர்கள் 2019இல் தங்கள் ஐம்பதாண்டு நிகழ்ச்சிகளைப் பொது ஒளிபரப்பு ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்து பாதுகாக்க ஏற்பாடு செய்தார்கள். இங்கே அத்தகைய முயற்சியைக் கோருவது ஏக்கத்தின் பேரால் மட்டுமல்ல, கணக்குக் கேட்கும் உரிமையின் பேராலும்.

நஞ்சன்கூட்டு எல்லையில் ஓர் ஒப்பீடு

இப்போது மாவட்ட எல்லைக்குத் திரும்பலாம். எஜுசாட் பாடங்களை மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சித் துறை கன்னடத்தில் தயாரித்தது. செயற்கைக்கோளின் அலை எல்லை பார்த்து விழவில்லை. பெறும் கருவிதான் ஒரு மாவட்டத்துக்கு மட்டும் போனது. 2010இல் எஜுசாட் ஓய்வுபெற்றது. ஆக, சில ஆண்டுகளில் தொடக்கப் பள்ளியில் படித்த குறிப்பிட்ட தலைமுறை மட்டும், எல்லையின் ஒரு பக்கத்தில் மட்டும், இந்தப் பாடங்களைப் பார்த்தது. கேர்னியும் லெவினும் அமெரிக்காவில் அலைவரிசையின் தற்செயலைப் பயன்படுத்தியதுபோல, இங்கே நிர்வாகக் கோட்டின் தற்செயலைப் பயன்படுத்த முடியும்.

இது எளிதான ஆய்வல்ல. சாமராஜநகர் மாவட்டத்தின் கிழக்கிலும் தெற்கிலும் காடு அதிகம், சோலிகர் பழங்குடியினரின் குடியிருப்புகள் அதிகம். முழு மாவட்டத்தையும் மைசூரோடு ஒப்பிட்டால் முடிவு பிழையாகும். எல்லையை ஒட்டிய கிராமங்களை மட்டும் எடுக்க வேண்டும். டிவி வந்த பள்ளிகளில் அது எத்தனை நாள் ஓடியது என்பதும் தெரிய வேண்டும். மின்வெட்டும் பழுதும் கால அட்டவணை மோதலும் இத்தகைய திட்டங்களை எல்லா இடத்திலும் பாதித்தவை. வேலைக்காகப் பலர் நஞ்சன்கூடு தொழிற்பேட்டைக்கும் மைசூருக்கும் பெங்களூருக்கும் போயிருப்பார்கள். இத்தனை தடைகளுக்குப் பிறகும், பள்ளிப் பதிவேடுகளும் தேர்ச்சிப் பட்டியல்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வாய்ப்பு அதிகம். பார்த்தவர்களும் இளைஞர்கள், சைட் பிள்ளைகளைப்போல அரை நூற்றாண்டு தாண்டிப் போய்விடவில்லை. மைசூரிலேயே வட்டாரக் கல்வி நிறுவனமும், பல்கலைக்கழகத்தின் கல்விப் பல்லூடக ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. வேலையை எடுத்துச் செய்ய ஆளில்லை என்று சொல்ல முடியாது.

இன்னும் முடியாதவை

கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்து, நிகழ்ச்சிகள் கற்றுத்தந்தனவா என்ற கேள்விக்கு நிதானமாக இவ்வளவு சொல்லலாம்: நன்கு திட்டமிட்டு, தொடர்ந்து, பிள்ளையின் மொழியில் வந்தவை ஓரளவு பலன் தந்தன, வசதி குறைந்த பிள்ளைகளிடம் அந்தப் பலன் கூடுதலாக இருந்திருக்கலாம், ஓராண்டில் முடிந்த சோதனைகளின் நீண்டகால விளைவைப் பற்றி எந்தப் பக்கமும் உறுதியாகப் பேச இடமில்லை. கிளார்க்–கோஸ்மா விவாதம் இன்று மொபைல் செயலிகளுக்கும் யூடியூப் பாடங்களுக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது, தீரவில்லை.

ஏக்கத்தைப் பற்றிய கேள்வியில் திறந்து நிற்பது வேறு. வகுப்பறையில் கூட்டமாகப் பார்த்த நிகழ்ச்சி, வீட்டில் பார்த்ததைப்போலவே ஏக்கமாக மாறுமா? எஜுசாட் பாடத்தைப் பார்த்த சாமராஜநகர் இளைஞருக்கு அது டிவியின் நினைவாக இருக்கிறதா, பள்ளியின் நினைவாக இருக்கிறதா? 2020இல் சந்தனாவில் பாடம் பார்த்த பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஊரடங்கின் துயரத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வருமா? குல்பர்கா, ராய்ச்சூர் கிராமங்களில் 1975இன் காலைப் பொழுதுகளை நினைவில் வைத்திருப்பவர்களிடம் வாய்மொழி வரலாறு பதிவுசெய்ய இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு அவகாசம்தான் இருக்கிறது. எல்லையோரக் கிராமங்களின் ஒப்பீட்டுக்கு அதைவிடச் சற்றே கூடுதல் காலம் உண்டு, பதிவேடுகள் கரையானுக்கும் மழைக்கும் தப்பியிருக்கும்வரை.